பிழையைத் திருத்தாமல் தட்டச்சிட்டுத் தந்த கொழிஞ்சாம்பாறைக் கடை

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாக எல்லை தாண்டிப் பாலக்காட்டுக்குப் போகிற சாலையில் உள்ள கொழிஞ்சாம்பாறையில், பேருந்து நிற்கும் இடத்திலிருந்து நடந்து போகிற தொலைவில், ஒரு மாடியில் இயங்கும் டி.டி.பி. கடையைப் பற்றியது இந்த மதிப்புரை. கீழே நின்று பார்ப்பவருக்கு அது ஜெராக்ஸ், லேமினேஷன், கல்யாணப் பத்திரிகை என்று பலகை மாட்டிய சாதாரணக் கடை. மேலே ஏறிப் போனால், சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலிருந்து வரும் ஆய்வேடுகளும் ஆய்விதழ்களுக்கு அனுப்ப வேண்டிய கட்டுரைகளும் பெயர் எழுதிய உறைகளில் அடுக்கப்பட்டிருக்கும். மூன்று பேர் பார்க்கிற வேலையைவிட அதிகமாகவே ஏற்கெனவே குவிந்து கிடப்பதால் கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். அதனால் பெயரைச் சொல்லவில்லை. அங்குள்ள கல்லூரி மாணவர் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்.

நான் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் ஆசிரியை. வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் கேட்டு வளரும் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தமிழில் கட்டுரை எழுதும்போது எந்த இடத்தில் எந்த மொழியைக் கையாளுகிறார்கள் என்பதை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்துக் குறித்துவைத்தேன். அதை ஆங்கிலத்தில் எழுதி, வெளிநாட்டுக் கல்வியியல் ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்புவதற்காகவே இந்தக் கடைக்குப் போனேன். கட்டுரையை எழுதி முடித்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் அந்த இதழ் கட்டுரையாளர்களுக்குத் தந்திருக்கும் குறிப்புப் பக்கத்தை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். துணைநூற்பட்டியலையும் சேர்த்து 8,000 சொற்களுக்குள் இருக்க வேண்டும். மேற்கோள் முறை ஏ.பி.ஏ. எனப்படும் அமெரிக்க உளவியல் சங்கத்தின் கையேட்டு ஏழாம் பதிப்பின்படி அமைய வேண்டும். எழுதியவர் யார் என்று மதிப்பீட்டாளருக்குத் தெரியாதபடி ஒரு கோப்பும், பெயர் விவரங்களுடன் தனியே ஒரு முகப்புப் பக்கமும் தர வேண்டும். ஆங்கிலம் அல்லாத எடுத்துக்காட்டு ஒவ்வொன்றையும் மூல எழுத்தில் ஒரு வரி, ரோமன் எழுத்தில் ஒரு வரி, பொருள் ஒரு வரி என்று மூன்று அடுக்காகக் கொடுக்க வேண்டும்.

இந்தக் கடைக்கு வருவதற்கு முன், வேறோர் ஊரில் வேறொரு கடையில் பிள்ளைகளின் நோட்டுப் பக்கங்களைத் தட்டச்சுக்குக் கொடுத்திருந்தேன். அங்கே நடந்ததைச் சொன்னால்தான் கொழிஞ்சாம்பாறைக் கடையின் அருமை புரியும். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, 'அம்மா சந்தைக்கு போயி பச்சக்கறி வாங்கி வந்தாங்க' என்று எழுதியிருந்தாள். பச்சக்கறி என்பது மலையாளத்தில் காய்கறி. தமிழ் வாக்கியத்துக்குள் ஒரு மலையாளச் சொல் தமிழ் எழுத்தில் வந்து அமர்ந்து, அதற்குப் பின்னால் 'வாங்கி வந்தாங்க' என்று வினை முழுக்கத் தமிழாகவே முடிகிற அந்த அமைப்புதான் என் கட்டுரையின் உயிர். அச்சாகி வந்த தாளில், 'அம்மா சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கி வந்தார்கள்' என்று ஒற்றெல்லாம் மிகுந்து அழகான தமிழ் இருந்தது. நல்லெண்ணத்தில் செய்த திருத்தம்தான். ஆனால் நாற்பத்தாறு பக்கத்திலும் அதே நல்லெண்ணம் பாய்ந்திருந்ததால், என்னிடம் இருந்த ஆய்வுத் தரவு முழுவதும் போய், ஏதோ ஒரு பாடநூலின் பயிற்சிப் பகுதி மட்டுமே கையில் மிஞ்சியது. மூல நோட்டுகளைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கொழிஞ்சாம்பாறைக் கடையில் தட்டச்சு செய்யும் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். இதே வட்டாரத்தில் தமிழ்வழியில் படித்தவர். முதல் பக்கத்தைப் புரட்டியதும் அவர் கேட்ட கேள்வி, 'டீச்சர், பிள்ளைங்க எழுதினபடியே அடிக்கணுமா, சரி பண்ணி அடிக்கணுமா?' என்பது. அந்த ஒரு கேள்விக்காகவே அவருக்குக் கூலியை இரட்டிப்பாகக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. எழுதியபடியே வேண்டும் என்றேன். உடனே அவர் கணினியில் தானாகத் திருத்தும் வசதியை நிறுத்தினார். சந்தேகம் வந்த இடங்களில் பென்சிலால் ஓரத்தில் சிறு வட்டம் போட்டு வைத்தார். மாலையில் போனால் வட்டமிட்ட இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்பார். ஒரு பையன் 'பரீட்ச கழிஞ்சு வீட்டுக்கு போனேன்' என்று எழுதிய இடத்தில், 'பரீட்ச'வின் கடைசி எழுத்துக்கு முன்னால் இருந்த மை கலைந்த கறை ஐகார எழுத்தா வெறும் கறையா என்று நாங்கள் இரண்டு பேரும் நோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். கறைதான். 'ஐ இல்ல டீச்சர், இவன் மேல நாலு வரில ஐகாரம் வர்ற எடத்துல எல்லாம் நல்லா கொம்பு போட்டிருக்கான் பாருங்க' என்று முந்தைய வரிகளைக் காட்டி அவர் முடிவு சொன்ன விதம், ஆய்வு நெறியாளர் ஒருவர் செய்ய வேண்டிய வேலை.

எழுத்துருவைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழ் எடுத்துக்காட்டுகளுடன் கட்டுரை அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். முதலாண்டில் நான் தொகுத்த பக்கங்கள் பாமினி எழுத்துருவில் இருந்தன. பாமினியில் அடித்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கும். கோப்பின் உள்ளே இருப்பது உண்மையில் அந்த ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது, அவ்வளவே. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010இல் தரமாக ஏற்று இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் டி.டி.பி. உலகில் பாமினி உயிரோடு இருக்கிறது. கடை உரிமையாளர் பழைய அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்துப் பழகியவர். அதனால் இந்த விஷயத்தில் அவர் காட்டுகிற கண்டிப்பு தனி. பாமினியை யூனிகோடாக மாற்றும் மென்பொருளில் போட்டு எடுத்ததை அவர் அப்படியே ஏற்பதில்லை. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறியிருக்கிறதா, 'ள'கரமும் ஔகாரத்தின் பின்பாதியும் குழம்பியிருக்கிறதா என்று அச்சிட்ட தாளில் ஸ்கேலை வைத்து வரிவரியாகப் பார்க்கிறார். பி.டி.எஃப். ஆக்கிய பிறகு அதில் ஒரு தமிழ்ச் சொல்லை நகலெடுத்து வேறொரு கோப்பில் ஒட்டிப் பார்ப்பது அவருடைய கடைசிச் சோதனை. ஒட்டியதும் சொல் சிதையாமல் வந்தால்தான் கோப்பைக் கையில் தருவார்.

ரோமன் எழுத்துப்பெயர்ப்பில் அவர்கள் எனக்கு முன்வைத்த கேள்வி இன்னும் நுட்பமானது. கொழிஞ்சாம்பாறை என்ற ஊர்ப்பெயரை நானே மூன்று விதமாக எழுதியிருந்தேன். பேருந்துப் பலகையில் இருப்பதுபோல் 'இசட் ஹெச்' போட்டு ஓரிடத்திலும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் முறையில் அடிக்கோடிட்ட 'எல்' போட்டு ஓரிடத்திலும், சாதாரண 'எல்' போட்டு இன்னோரிடத்திலும் இருந்தது. தட்டச்சுப் பெண் ழகரம் வந்த எல்லா இடங்களையும் தேடி ஒரு தாளில் எழுதி நீட்டினார். எது சரி என்று அவர் சொல்லவில்லை; எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். ஊர்ப்பெயர்களுக்கு அரசு ஆவணங்களில் வழங்கும் வடிவம், பிள்ளைகளின் வாக்கியங்களுக்கு லெக்சிகன் முறை என்று பிரித்துக்கொண்டு, அந்த முடிவைக் கட்டுரையின் முதல் அடிக்குறிப்பில் எழுதிவைத்தேன். இதைச் செய்யாமல் அனுப்பியிருந்தால், மதிப்பீட்டாளர் மூன்று வேறு ஊர்கள் என்றுகூட நினைத்திருக்க இடமுண்டு.

துணைநூற்பட்டியலுக்கு ஸோட்டேரோ என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006இல் வெளியானது. பெயரின் பின்பகுதி குடும்பப் பெயர் என்ற எண்ணத்தில் அமைந்த மேற்கோள் முறைகளுக்குள் நம்முடைய பெயர்களைப் பொருத்துவது பெரிய வேலை. தமிழில் முன்னெழுத்து தந்தை பெயருக்கானது. மலையாளத்தில் வீட்டுப் பெயரும் வரும், முன்னெழுத்து பெயருக்குப் பின்னாலும் நிற்கும். கணினியின் போக்கில் விட்டால் அப்பாவின் பெயரிலேயே மகன் எழுதிய நூல்கள் பட்டியலில் ஏறிவிடும். அந்த மென்பொருளில் பெயரை இரண்டாகப் பிரிக்காமல் ஒரே கட்டத்தில் இடவும் வழி உண்டு என்பதை அவர்கள் தெரிந்து வைத்திருக்கிறார்கள். எந்தப் பெயரை எந்த முறையில் இடுவது என்று ஒவ்வொரு ஆசிரியருக்கும் என்னிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

எல்லைப் பகுதியில் ஆய்வு செய்பவர்களுக்கே உரிய ஒரு சிக்கல் அரசு அறிக்கைகளில் இருக்கிறது. 1956க்கு முன்னால் பாலக்காடு நகரம் மதராஸின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. சில மைல் தள்ளியுள்ள சித்தூரோ 1949 வரை கொச்சி சமஸ்தானத்தையும் அதன் பின் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தையும் சேர்ந்தது. ஆக, இன்று ஒரே மாவட்டத்தில் இருக்கும் இரண்டு பள்ளிகளின் பழைய கல்வி அறிக்கைகளை இரண்டு வேறு அரசுகளின் பெயரில் பட்டியலிட வேண்டும். நான் எல்லாவற்றையும் 'கேரள அரசு' என்று பொதுவாகப் போட்டிருந்தேன். உரிமையாளர்தான் 1930களின் ஓர் அறிக்கையைச் சுட்டி, 'அன்னைக்குக் கேரளமே இல்லையே டீச்சர்' என்றார். அது என் பிழை. அச்சாகியிருந்தால் நீண்ட நாள் உறுத்தியிருக்கும். ஏழாம் பதிப்பில் பதிப்பக ஊரைக் குறிப்பிட வேண்டியதில்லை என்பதையும் அங்கேதான் அறிந்து, எழுபத்து நான்கு பதிவுகளிலிருந்தும் ஊர்ப்பெயரை நீக்கினோம்.

அட்டவணைகள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நெடுக்குக் கோடு இல்லாமல், எண்ணும் தலைப்பும் மேலே வருமாறு, கேட்டபடி சுத்தமாகச் செய்து தந்தார்கள்.

பெயர் மறைக்கும் வேலையில் அவர்களுடைய பழக்கம் பாராட்டத் தக்கது. முகப்பில் பெயரை அழித்தாலே போதும் என்று நான் இருந்தேன். அவர்கள் கோப்பின் பண்புகளுக்குள் போய் அங்கே பதிந்திருந்த என் பெயரையும், திருத்தங்களைக் காட்டும் ஓரக் குறிப்புகளில் இருந்த பெயரையும் நீக்கினார்கள். கோப்பின் பெயரிலேயே என் முன்னெழுத்து இருந்ததைக் காட்டினார்கள். நன்றியுரையை எடுத்து முகப்புப் பக்கக் கோப்பில் சேர்த்தார்கள். படமாக இணைத்திருந்த நோட்டுப் பக்கம் ஒன்றின் மேல் மூலையில் ஒரு சிறுவனின் முழுப்பெயரும் பள்ளி முத்திரையும் மங்கலாகத் தெரிந்தன. பெற்றோரிடம் ஒப்புதல் வாங்கும்போது பிள்ளையின் பெயர் எங்கும் வராது என்று எழுத்தில் உறுதி கொடுத்திருக்கிறேன். அந்தப் படம் அப்படியே போயிருந்தால் அது வாக்குத் தவறியதாகிவிடும். தட்டச்சுப் பெண் அதைப் பெரிதாக்கிக் காட்டியபோது எனக்கு உடம்பு ஒருமுறை சிலிர்த்தது.

இந்தக் கடை எதைச் செய்ய மறுக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். நான் அங்கே உட்கார்ந்திருந்த ஒரு மாலையில், ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் பங்கான ஒப்புமை அளவு முப்பது சதவீதத்துக்கு மேல் காட்டுவதாகவும், சொற்களை மாற்றிப் போட்டுப் பத்துக்குள் கொண்டுவந்து தர வேண்டும் என்றும் ஒருவர் கேட்டு வந்தார். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி 10 சதவீதம் வரை நடவடிக்கை இல்லை; அதற்கு மேல் 40 வரை முதல் நிலைக் குற்றம். உரிமையாளர், 'வார்த்தை மாத்திக் குடுக்கிற வேலை இங்க இல்ல சாரே. எந்த வரி எங்கிருந்து வந்ததுன்னு குறி போட்டுத் தாங்க, மேற்கோளா அமைச்சுத் தர்றோம்' என்றார். வந்தவர் கிளம்பிவிட்டார். கட்டுரையை எழுதித் தருவது, இதழைத் தேர்ந்தெடுத்துத் தருவது, நம்முடைய கடவுச்சொல்லை வாங்கி அவர்களே பதிவேற்றுவது ஆகிய மூன்றையும் அவர்கள் செய்வதில்லை. பணம் கட்டினால் நான்கு நாளில் வெளியிட்டுத் தருகிறோம் என்று எனக்கே ஓரிடத்திலிருந்து இரண்டு முறை அழைப்பு வந்திருக்கிறது. ஏற்கத்தக்க ஆய்விதழ்களைக் காட்டிய தன் கேர் பட்டியலை மானியக் குழு 2025 பிப்ரவரியில் கைவிட்டதிலிருந்து, இதழின் தரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் பொறுப்பு முழுதாக ஆய்வாளர் தலையில் விழுந்திருக்கிறது. இந்த நேரத்தில், தன் வேலை எங்கே முடிகிறது என்று தெரிந்த ஒரு கடை பக்கத்தில் இருப்பது பெரிய துணை.

குறைகளும் உண்டு. எட்டு நாளில் தருவதாகச் சொன்ன வேலை பதினேழு நாள் ஆயிற்று. கல்யாண மாதத்தில் பத்திரிகை வேலை வந்துவிட்டால் ஆய்வுக் கட்டுரை பின்னுக்குப் போகிறது. அதை முன்கூட்டியே சொல்வதும் இல்லை. கடைசி நாள் குறித்த வேலையோடு போகிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். மலையாளத் தலைப்புகளில் அவர்களுக்குத் தமிழில் இருக்கும் கைத்திறம் இல்லை. பன்னிரண்டு மலையாளப் பதிவுகளில் மூன்றில் எழுத்துப்பெயர்ப்பு தவறியிருந்தது. சில்லெழுத்துகள், அதாவது உயிரொலி சேராத சில மெய்களுக்கு மலையாளத்தில் உள்ள தனி வடிவங்கள், வரும் இடத்தில் கட்டங்கள் விழுந்திருந்தன. 2008இல் வந்த யூனிகோட் 5.1தான் சில்லெழுத்துகளுக்குத் தனி இடம் தந்தது. அதற்கு முந்தைய முறையில் அடித்த கோப்பையும் பிந்தைய முறையில் அடித்ததையும் கலந்தால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் சொல் தேடலில் அகப்படாது. எல்லையில் கடை வைத்திருப்பவர்கள் இதையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நேரிலேயே சொன்னேன். பக்கத்துப் பள்ளி மலையாள ஆசிரியர் ஒருவரிடம் காட்டி அந்தப் பதிவுகளை நானே சரிசெய்தேன். ஆங்கில நடையைத் திருத்தும் ஆளும் அங்கே இல்லை. வரைபடங்களைத் திரையிலிருந்து அப்படியே படமெடுத்து ஒட்டுகிறார்கள்; தாளில் நன்றாகத் தெரிவதால் எனக்கும் அப்போது பிடிபடவில்லை.

கட்டணம் நியாயமானது. பிள்ளைகளின் எழுத்து 46 பக்கத்துக்குப் பக்கம் 30 ரூபாயாக 1,380. பட்டியல் பதிவு ஒன்றுக்கு 10 ரூபாயாக 740. மொத்தக் கட்டமைப்புக்கு 1,000. அச்சுத் தாள்களுக்கு 210. ஆக 3,330 ரூபாய். மூன்று முறை புரூஃப் பார்த்ததற்குத் தனியாக வாங்கவில்லை. ரசீது கேட்டால் கையால் எழுதித் தருகிறார்கள்.

கடந்த ஜூனில், பாலக்காட்டுக் கணவாயின் காற்று ஜன்னல் கதவை அடித்துக்கொண்டிருந்த ஒரு மாலை, அந்தக் கடையிலிருந்தே என் கணக்கில் நுழைந்து கோப்புகளை நானே பதிவேற்றினேன். ஆறாம் நாள் இதழின் அலுவலகத்திலிருந்து மடல் வந்தது. மேற்கோள், பெயர் மறைப்பு, எழுத்துப்பெயர்ப்பு எதிலும் கேள்வி இல்லை. இரண்டு வரைபடங்களின் தெளிவு போதாது, 300 டி.பி.ஐ. அளவில் மறுபடி அனுப்புங்கள் என்று மட்டும் இருந்தது. கடைக்குப் போய் மடலைக் காட்டியதும் உரிமையாளர் கண்ணாடியைப் போட்டு முழுவதும் படித்தார். அன்றே, காசு வாங்காமல், மூல எண்களிலிருந்து இரண்டு படங்களையும் புதிதாக வரையச் செய்து தந்தார். கட்டுரை இப்போது மதிப்பீட்டாளர்களிடம் இருக்கிறது.

போகிறவர்கள் தமிழ்ப் பகுதிகளைப் பி.டி.எஃப். ஆக இல்லாமல் வேர்ட் கோப்பாகவே கொண்டுபோக வேண்டும். எந்த எழுத்துருவில் அடித்தது என்பதை ஒரு தாளில் எழுதி வைத்தால் பாதி நாள் மிச்சமாகும். கையெழுத்து மூலங்களைக் கொடுக்கும்போது பிள்ளைகளின் பெயரை மறைத்த ஜெராக்ஸைக் கொடுத்து, மூலத்தைக் கூடவே வைத்திருந்து, சந்தேகம் வரும் இடத்தில் மட்டும் காட்டுவது நல்லது. பத்து மணிக்குத் திறக்கிறார்கள். தட்டச்சுப் பெண் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். அவர் ஐந்து மணிப் பேருந்துக்குக் கிளம்பிவிடுவார்.